டாக்டர் வீட்டுக் கொல்லையில் வளர்ந்த டென்னிஸ் வீரர்கள்

கோடை காலம். வெயில் இன்னும் ஏறவில்லை. ஒரு வீட்டுக் கொல்லையில் சில பிள்ளைகள் மும்முரமாக வேலை செய்கிறார்கள்.

ஒருவன் ரோஜாச் செடிகளுக்கு நடுவே களை பறிக்கிறான். இன்னொருவன் வேலிச் செடியைக் கத்தரிக்கிறான். இரண்டு பேர் கனமான உருளையை இழுத்து மண் தரையைச் சமப்படுத்துகிறார்கள். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நாய்க் கூண்டைக் கழுவிக்கொண்டிருக்கிறான். கையும் காலும் குச்சி போல இருக்கின்றன.

இவர்கள் வேலைக்காரப் பிள்ளைகளா? இல்லை. டென்னிஸ் கற்க வந்த மாணவர்கள்!

இடம்: அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள லிஞ்ச்பர்க் என்ற ஊர். ஆண்டு 1953. வீட்டுக்காரர் டாக்டர் ராபர்ட் வால்ட்டர் ஜான்சன். கூண்டைக் கழுவும் சிறுவனின் பெயர் ஆர்தர் ஆஷ். இருபத்திரண்டு ஆண்டு கழித்து, இதே பையன்தான் விம்பிள்டன் பட்டத்தை வென்றான். அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பு இன ஆண் இவரே.

பெரிய கிளப்புகளும் பெரிய பயிற்சியாளர்களும் நிறைந்த நாடு அமெரிக்கா. அங்கே ஒரு டாக்டர் வீட்டுக் கொல்லையில் ஏன் டென்னிஸ் கற்க வேண்டும்? கதை அங்கேதான் இருக்கிறது.

கதவு அடைத்திருந்தது

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பருக்குத் தனிப் பள்ளிக்கூடம். தனிப் பூங்கா. பஸ்ஸில் தனி இடம். தண்ணீர் குடிக்கும் குழாய் கூடத் தனி. சட்டமே அப்படி இருந்தது.

டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது பணக்காரர் ஆட்டம். கிளப்பில் உறுப்பினராக இருந்தால்தான் ஆட முடியும். கிளப்புகள் வெள்ளையருக்கு மட்டுமே. அமெரிக்க டென்னிஸ் சங்கம் நடத்திய தேசியப் போட்டிகளிலும் கறுப்பருக்கு இடம் இல்லை.

கறுப்பு மக்கள் என்ன செய்தார்கள்? கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. தாங்களே கிளப் தொடங்கினார்கள். சிகாகோ, வாஷிங்டன், பால்டிமோர், பிலடெல்பியா, நியூயார்க் என்று ஊருக்கு ஊர் சிறு கிளப்புகள் முளைத்தன. அவற்றில் இருந்தவர்கள் டாக்டர்கள், ஆசிரியர்கள், பாதிரியார்கள், உத்தியோகஸ்தர்கள். சம்பளத்துக்கு ஆள் வைக்க வசதி கிடையாது. தரையைப் பெருக்குவது, உருளை இழுப்பது, வலை கட்டுவது எல்லாம் உறுப்பினர்கள் வேலைதான். சந்தா வசூலிப்பவரும் அவர்களில் ஒருவர். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவரும் அவர்களில் ஒருவர்.

1916-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இந்தக் கிளப்புகளின் பிரதிநிதிகள் வாஷிங்டனில் கூடினார்கள். 'அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷன்' என்ற சங்கம் அன்று பிறந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம், பால்டிமோர் நகரின் ட்ரூயிட் ஹில் பூங்காவில் அதன் முதல் தேசியப் போட்டி நடந்தது. பெண்கள் பிரிவில் லூசி டிக்ஸ் ஸ்லோ என்ற ஆசிரியை வென்றார். எந்த விளையாட்டிலும் தேசியப் பட்டம் பெற்ற முதல் கறுப்பு அமெரிக்கப் பெண் அவர்தான்.

டென்னிஸ் திருவிழா

ஆண்டுதோறும் போட்டி நடத்துவது என்றால் சும்மாவா? வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கே தங்குவார்கள்? ஓட்டல்களில் கறுப்பருக்கு அறை கிடையாது.

இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஹாம்ப்டன், டஸ்கிகி, வில்பர்போர்ஸ் ஆகிய இடங்களில் கறுப்பு மாணவர்களுக்கான கல்லூரிகள் இருந்தன. கோடை விடுமுறையில் மாணவர் விடுதிகள் காலியாகக் கிடக்கும். அங்கே போட்டியை வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் மட்டும் வரவில்லை. மனைவி, மக்கள், சுற்றத்தாரோடு வந்தார்கள். பகலில் ஆட்டம். இரவில் நடனம், விருந்து, ஆடை அலங்காரக் காட்சி. ஊர்த் திருவிழாவுக்கு உறவினர் கூடுவது போல, ஆண்டுக்கு ஒரு முறை அங்கே கூடினார்கள்.

ஆனால் ஆட்டத்தில் வல்லவர்களின் மனத்தில் ஒரு குறை இருந்தது. 'நாம் நாட்டிலேயே சிறந்தவரா? வெள்ளைக்காரரோடு ஆடிப் பார்த்தால் அல்லவா தெரியும்!'

1929-ல் ரெஜினால்ட் வேர், ஜெரால்ட் நார்மன் என்ற இரண்டு இளைஞர்கள் தேசிய ஜூனியர் போட்டிக்கு மனுச் செய்தார்கள். கட்டணமும் கட்டினார்கள். நியூயார்க்கில் பந்தயக் களத்துக்கே போனார்கள். ஆட விடவில்லை, திருப்பி அனுப்பினார்கள். காரணம், நிறம். வேர் பின்னாளில் டாக்டர் ஆனார். தேசிய உள்ளரங்கப் போட்டி ஒன்றில் ஆட அவருக்கு இடம் கிடைத்தது 1948-ல்! பத்தொன்பது ஆண்டு ஓடிவிட்டது.

ஓரா வாஷிங்டனின் கதை இன்னும் வேதனையானது. இவர் பிலடெல்பியாவில் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். கறுப்பர் சங்கத்தின் பெண்கள் பட்டத்தை 1929 முதல் 1935 வரை ஏழு ஆண்டும், பிறகு 1937-லும், ஆக எட்டு முறை வென்றார். அதே காலத்தில் ஹெலன் வில்ஸ் மூடி என்ற வெள்ளைக்காரப் பெண்மணி விம்பிள்டன் பட்டத்தை எட்டு முறை வென்று புகழின் உச்சியில் இருந்தார். இரண்டு பேரும் ஒரே நாட்டவர். ஆனால் இருவரும் ஒரு நாளும் எதிர் எதிரே நின்று ஆடியது இல்லை. இவர்களில் யார் சிறந்தவர்? அதற்கு விடை கிடைக்காமலே போயிற்று. ஓரா 1971-ல் காலமானார்.

ஹார்லெமில் ஒரு நாள்

நியூயார்க்கில் கறுப்பர் வாழும் பகுதி ஹார்லெம். அங்கே 'காஸ்மாபாலிட்டன்' என்ற டென்னிஸ் கிளப் இருந்தது. 1940-ம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே ஓர் அதிசயம் நடந்தது. 1938-ல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்ற முதல் வீரர் டான் பட்ஜ், அந்தக் கிளப்புக்கு ஆட வந்தார்!

எதிரே நின்றவர் கறுப்பர் சங்கத்தின் சாம்பியன் ஜிம்மி மக்டேனியல். கூட்டம் சுமார் இரண்டாயிரம். இடம் கிடைக்காதவர்கள் பக்கத்துக் கட்டிடங்களின் ஜன்னல்களில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். பட்ஜ் 6-1, 6-2 என்று வென்றார். தோல்விதான். ஆனாலும் ஹார்லெம் மக்களுக்கு அது பெரிய நாள். வெள்ளைச் சாம்பியனும் கறுப்புச் சாம்பியனும் ஒரே களத்தில் நின்றார்கள் அல்லவா!

அதே 1940-ல் அந்தக் கிளப்பில் இன்னொரு காரியமும் நடந்தது. பத்திரிகைகளில் பெரிதாக வராத காரியம். ஆனால் அதுதான் பெரிய காரியம்.

ஹார்லெம் 143-வது தெருவில் ஆல்தியா கிப்சன் என்று ஒரு சிறுமி. வயது பதின்மூன்று. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவாள். சண்டைக்கு அஞ்சமாட்டாள். பிள்ளைகள் விளையாடுவதற்காகப் போக்குவரத்தை நிறுத்திய தெருவில், மரப்பலகை மட்டையால் பந்தடித்து எல்லாரையும் தோற்கடிப்பாள். பட்டி வாக்கர் என்ற இசைக்குழுத் தலைவர் இதைப் பார்த்தார். பழைய டென்னிஸ் மட்டை வாங்கிக் கொடுத்தார். பிறகு காஸ்மாபாலிட்டன் கிளப்புக்குச் சேதி போயிற்று.

கிளப்பில் சேரப் பணம் வேண்டுமே? அந்த வீட்டில் ஏது பணம்? கிளப் உறுப்பினர்களும் அக்கம்பக்கத்தாரும் கை போட்டார்கள். சந்தாவும் கட்டினார்கள், பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தார்கள். கற்றுக் கொடுத்தவர் பிரெட் ஜான்சன். அவருக்கு ஒரு கைதான் உண்டு!

இரண்டு டாக்டர்கள்

1946-ல் சங்கத்தின் பெண்கள் இறுதிப் போட்டியில் ஆல்தியா தோற்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் லிஞ்ச்பர்க் ராபர்ட் வால்ட்டர் ஜான்சன். மற்றவர் வட கரோலினாவில் வில்மிங்டன் நகரைச் சேர்ந்த ஹியூபர்ட் ஈட்டன். தோற்ற பெண்ணிடம் அவர்கள் என்ன கண்டார்களோ, இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

பள்ளிக்கூட நாளில் ஆல்தியா ஈட்டன் வீட்டில் இருப்பது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிப்பது. கோடையில் ஜான்சன் வீட்டுக்கு வருவது. அவருடைய காரில் போட்டி போட்டியாகப் போவது. ஆல்தியாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. தன்னைவிடச் சின்னப் பெண்களோடு வகுப்பில் உட்கார வேண்டும். உட்கார்ந்தார். 1949-ல் பள்ளிப் படிப்பை முடித்தார். சங்கத்தின் பட்டத்தை 1947 முதல் 1956 வரை தொடர்ந்து பத்து முறை வென்றார்.

தேசியப் போட்டியின் கதவு மட்டும் திறக்கவில்லை. 1950-ல் ஆலிஸ் மார்பிள் என்ற முன்னாள் வெள்ளைச் சாம்பியன் ஒரு டென்னிஸ் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். ஆல்தியாவைச் சேர்க்காமல் இருப்பது இந்த ஆட்டத்துக்கே அவமானம் என்று இடித்துரைத்தார். அந்த ஆண்டே ஆகஸ்டில் கதவு திறந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் எதிரே நின்றவர் விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரவ். கடைசி செட்டில் ஆல்தியா 7-6 என்று முன்னணியில் இருந்தார். அப்போது இடி இடித்தது! புயல் மழை! மைதானத்தின் உச்சியில் இருந்த கல் கழுகு ஒன்று மின்னல் தாக்கிக் கீழே விழுந்தது. ஆட்டம் நின்றது. மறுநாள் தொடர்ந்தபோது பிரவ் 9-7 என்று வென்றுவிட்டார்.

பட்டத்துக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1956-ல் பிரெஞ்சுப் பட்டம். 1957-லும் 1958-லும் விம்பிள்டன், அமெரிக்கப் பட்டம் இரண்டும். 1957-ல் எலிசபெத் மகாராணியின் கையால் கோப்பை வாங்கினார், ஒரு காலத்தில் தெருவில் பலகை மட்டையோடு திரிந்த பெண்.

துடைப்பக் கட்டைப் பாடம்

இனி லிஞ்ச்பர்க் கொல்லைக்குத் திரும்புவோம்.

டாக்டர் ஜான்சன் 1899-ல் பிறந்தவர். கல்லூரியில் கால்பந்து ஆடியபோது அவருக்கு 'சூறாவளி' என்று பட்டப்பெயர். மருத்துவம் படித்து லிஞ்ச்பர்க்கில் தொழில் நடத்தினார். அந்த ஊர்ப் பொது மருத்துவமனையில் சிகிச்சை செய்யும் உரிமை பெற்ற முதல் கறுப்பு டாக்டர் அவரே.

ஒரு நாள் சார்லட்ஸ்வில் என்ற ஊர் வழியாகப் போனார். அங்கே பல்கலைக்கழகத்தில் பள்ளி மாணவர்களின் தேசிய டென்னிஸ் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஆடியவர் அத்தனை பேரும் வெள்ளையர். போட்டி நடத்துகிறவரிடம் நேரே போனார். கறுப்பு மாணவர்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். அவர் சம்மதித்தார். 1951-ல் இரண்டு கறுப்பு மாணவர்கள் அங்கே ஆடினார்கள். வந்தது படுதோல்வி.

டாக்டர் மனம் உடையவில்லை. 'இந்தப் போட்டியில் நம் பையன் ஒருவன் ஜெயிக்க வேண்டும்' என்று உறுதி கொண்டார். கறுப்பர் சங்கத்தின் ஜூனியர் பயிற்சித் திட்டம் அவர் கொல்லையில் உருவாயிற்று. கோடைதோறும் பல ஊர்ப் பிள்ளைகள் அவர் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். செலவில் பெரும் பங்கு அவருடைய சொந்தப் பணம். பயிற்சி கொடுப்பதில் அவர் மகனும் கூட நின்றார்.

பயிற்சி எப்படி தெரியுமா? முதலில் மட்டை கிடையாது. துடைப்பக் கட்டையால் பந்தை அடிக்க வேண்டும்! மெல்லிய கட்டையால் அடித்துப் பழகிய கண்ணுக்கு, அகன்ற மட்டை எளிது அல்லவா! சாப்பாட்டு மேஜையில் எப்படி உட்காருவது, எப்படிச் சாப்பிடுவது என்பதும் பாடம். தோட்ட வேலையும் பாடம்.

எல்லாவற்றுக்கும் மேலே சில சட்டங்கள். நடுவரோடு வாதாடக் கூடாது. மட்டையை வீசி எறியக் கூடாது. இடம் மாறும்போது பந்தை எதிராளியின் கையில் மரியாதையாகக் கொடுக்க வேண்டும். எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு இரண்டு அங்குலம் வெளியே விழுந்தாலும், உள்ளே விழுந்ததாகவே எண்ணித் திருப்பி அடிக்க வேண்டும்!

இது என்ன நியாயம்? பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்வி எழாமல் இருக்குமா? டாக்டரின் கணக்கு வேறு. 'கறுப்புப் பையன் ஒரு தடவை கோபப்பட்டால் போதும். அதையே சாக்காக வைத்து எல்லாருக்கும் கதவை அடைத்துவிடுவார்கள்' என்பது அவர் அச்சம். அநியாயத்தை விழுங்கிக்கொண்டு ஆடச் சொன்னார். கசப்பு மருந்துதான். டாக்டர் அல்லவா, கொடுத்தார்!

போட்டிக்குக் காரில் போகும்போது சாப்பாடும் கூடவே போகும். வழியிலுள்ள ஓட்டல்களில் அவர்களுக்கு உணவு கிடைக்காது.

அப்பா வந்து சொன்னது

ஆர்தர் ஆஷ் ரிச்மண்ட் நகரத்துப் பையன். ஆறு வயதில் தாயை இழந்தவன். தந்தை, கறுப்பருக்கான பூங்காவில் காவலர். வீடும் பூங்காவிலேயே. வாசலில் டென்னிஸ் களம். ரான் சாரிட்டி என்ற இளைஞர் அங்கே ஆட வருவார். பையனுக்கு முதல் பாடம் சொன்னவர் அவர். பையனை லிஞ்ச்பர்க் கொண்டுபோய் விட்டவரும் அவரே.

வந்த சில நாளிலேயே தகராறு. மட்டையை இப்படிப் பிடி என்று டாக்டரின் மகன் சொன்னால், சாரிட்டி வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தார் என்று பையன் மறுத்தான். டாக்டர் அவன் தந்தைக்கு டெலிபோன் செய்தார். தந்தை நூறு மைலுக்கு மேல் கார் ஓட்டி வந்தார். இனி உனக்குக் குரு டாக்டர்தான், அவர் சொன்னபடி செய் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொன்னார். அதன் பிறகு பையன் மறுவார்த்தை பேசவில்லை. 1960 வரை கோடைதோறும் வந்தான்.

1961-ல் சார்லட்ஸ்வில் போட்டி நடந்தது. பத்து ஆண்டுக்கு முன் கறுப்பு மாணவர்கள் படுதோல்வி கண்ட அதே போட்டி. ஆர்தர் ஆஷ் வென்றார்! டாக்டரின் சபதம் நிறைவேறிற்று.

1968-ல் அமெரிக்க ஓபன் பட்டத்தையும் ஆஷ் வென்றார். அவர் பணத்துக்கு ஆடாத அமெச்சூர் ஆனதால், 14,000 டாலர் பரிசுத் தொகையைப் பெற முடியவில்லை. பெயர் மட்டும் கிடைத்தது. டாக்டர் ஜான்சன் 1971-ல் கண் மூடினார். 1975 ஜூலை 5-ந் தேதி ஆஷ் விம்பிள்டனில் ஜிம்மி கானர்ஸை வீழ்த்தியதைப் பார்க்க அவர் இல்லை. அன்று இடம் மாறும் ஒவ்வொரு இடைவேளையிலும் ஆஷ் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருந்தார். கொல்லைப் பாடம் மறக்கவில்லை!

அடக்கமும் அஞ்சாமையும்

இப்படி அடங்கிப் போகக் கற்றவர் வாழ்நாள் முழுதும் அடங்கியே இருந்தாரா? அதுதான் இல்லை.

தென் ஆப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தபோது, அங்கே ஆட அனுமதி கேட்டார். மறுத்தார்கள். மறுபடி கேட்டார். மறுபடி மறுத்தார்கள். 1973-ல் அனுமதி பெற்று அங்கே ஆடிக் காட்டினார். 1985-ல் வாஷிங்டனில் தென் ஆப்பிரிக்கத் தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டம் செய்து கைதானார். 1992-ல் ஹைட்டி நாட்டு அகதிகளுக்காக வெள்ளை மாளிகை முன் நின்று மறுபடி கைதானார். அப்போது அவர் நோயாளி. அறுவை சிகிச்சையின்போது ஏற்றிய ரத்தத்தால் எய்ட்ஸ் நோய் தொற்றியிருந்தது. 1993 பிப்ரவரி 6-ந் தேதி காலமானார்.

ஆட்டத்தில் இரண்டு அங்குலம் விட்டுக்கொடுத்தவர், நீதியில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆல்தியாவின் முதுமை துன்பமாக இருந்தது. அவர் காலத்தில் பட்டம் வென்றால் பணம் கிடையாது. 1990-களில் வறுமையும் நோயும் சேர்ந்துகொண்டன. பழைய தோழி ஆஞ்செலா பக்ஸ்டனுக்கு டெலிபோன் செய்தார். பக்ஸ்டன் இங்கிலாந்துக்காரர், யூதர் என்பதால் தாமும் ஒதுக்கப்பட்டவர். இருவருக்கும் நட்பு ஏற்பட்டது 1955-ல் நம் இந்தியாவில், டென்னிஸ் சுற்றுப்பயணத்தின்போது! 1956-ல் இருவரும் ஜோடியாக விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றவர்கள். தோழியின் நிலையைப் பக்ஸ்டன் டென்னிஸ் உலகுக்குத் தெரிவித்தார். பல பக்கங்களிலிருந்தும் பணம் வந்தது. ஹார்லெமில் பதின்மூன்று வயதில் ஊரார் கை போட்டார்கள். முதுமையிலும் ஊரார் கை போட்டார்கள். 2003-ல் அவர் காலமானார்.

இன்று அமெரிக்க ஓபன் நடக்கும் பெரிய அரங்குக்கு ஆர்தர் ஆஷின் பெயர். அதே வளாகத்தில் 2019-ல் ஆல்தியாவுக்குச் சிலை வைத்தார்கள். 1916-ல் தொடங்கிய கறுப்பர் சங்கம் நூறு வயதைக் கடந்து இன்னும் நடக்கிறது. லிஞ்ச்பர்க் பியர்ஸ் தெருவில் டாக்டர் வீட்டுக் கொல்லைக் களத்தையும் 2018-ல் செப்பனிட்டுவிட்டார்கள்.

அரங்கமும் சிலையும் பிறகு வந்தவை. முதலில் வந்தது ஒரு மண் தரை. அதை விடியற்காலையில் பெருக்கி, உருளை இழுத்து, வலை கட்டிய நாலு பேர். அவர்களில் பலருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

நம் ஊரிலும் சும்மா கிடக்கும் ஒரு மூலை இடம் இருக்கும். பந்தைக் கண்டால் ஓடும் பிள்ளைகள் இருப்பார்கள். பெருக்குவதற்குத் துடைப்பம் எடுக்க யார் முன்வருகிறார்கள் என்பதுதான் கேள்வி. அந்தத் துடைப்பக் கட்டையே பிறகு மட்டையும் ஆகும்!